மாடி தாங்கும் மண் எவ்வளவு?

சென்ற வாரம் என் மைத்துனர், தம் வீட்டு மொட்டைமாடி முழுவதும் அரை அடி உயரத்துக்குத் தோட்டத்து மண்ணை நிரப்பிக் காய்கறி பயிரிடலாமா என்று கேட்டார். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கும், 15 செ.மீ. பரப்பினால் சதுர மீட்டருக்கு 270 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 குறிக்கும் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பசுமைக் கூரையே, அதாவது செடிகள் வளர்க்கும் கூரையே, கூடாது என்பதல்ல. சிகாகோ நகர மன்றக் கட்டடம் 1911இல் எழுந்தது. மேயர் ரிச்சர்ட் டேலியின் முயற்சியால் 2001இல் அதன் கூரையில் அமைந்த தோட்டத்தில் மெல்லியது, நடுத்தரம், ஆழமானது ஆகிய மூன்று வகைகளும் அருகருகே இருக்கின்றன. மெல்லிய வகையில் மண்கலவை பொதுவாக 15 செ.மீ.க்குள் அடங்கும், செடம் போன்ற சதைப்பற்றுச் செடிகள் வேரூன்றியபின் அதிகப் பராமரிப்பு கேட்பதில்லை. நடுத்தர வகையில் புற்களும் குறுஞ்செடிகளும் வளரும். ஆழமான வகையில் மரமே வைக்கலாம். எடை சதுர மீட்டருக்கு 300 கிலோவையும் தாண்டும், பாசனமும் வேண்டும். சிகாகோவில் சாதாரண மண்ணுக்குப் பதிலாக எடை குறைந்த கலவையைப் பயன்படுத்தி, மரங்களைக் கீழே தூண்கள் உள்ள இடங்களில் மட்டும் நட்டதே என்னை மிகவும் கவர்ந்தது.

அதே கட்டடத்தின் மறுபாதி மாவட்ட நிர்வாகத்துக்கு உரியது. அதன் கூரை அப்போது கருந்தார் பூசியதாகவே இருந்தது. 2001 ஆகஸ்டில் ஒரு நண்பகலுக்குப் பின் அளந்தபோது தார்க்கூரை 76 டிகிரி செல்சியஸும், செடிகள் இருந்த பரப்பு 33 முதல் 48 டிகிரி வரையும் காட்டின. வெப்பத்தைத் தணிப்பதே நோக்கமென்றால் மெல்லிய வகையே போதும் என்பது என் எண்ணம். கத்தரியும் வெண்டையும் வேண்டுமென்றால் ஆழம் வேண்டும். நம் கோடையில் மெல்லிய கலவை விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் அதற்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

எந்த வகையானாலும் செடிகளுக்கு அடியில் நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்புப் படலம், வடிகால் அடுக்கு, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி ஆகியவை இருக்க வேண்டும். மண் போடுமுன் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கசிவைப் பார்த்துவிட வேண்டும். பிறகு ஓட்டையைத் தேடுவதென்றால் தோட்டத்தையே அள்ள நேரிடும். மைத்துனரிடம் வீட்டின் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை, தூண்களுக்கு மேலான இடங்களில் மட்டும் சில தொட்டிகளை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.