தந்தை என்று போட்டது நான்தான்

"இவரு அப்பனா அப்பு? அப்பன் பிள்ளைகிட்ட பர்மிட்டு கேப்பானா?"

2015 மார்ச் 23 அன்று சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ இறந்தார். மறுநாள் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்த பெரியவர் கேட்ட கேள்வி இது. 8க்கு 6 கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று திரையில் இருந்தது. 'நவீன சிங்கப்பூரின் தந்தை' என்ற வரியின்மேல் விரலை வைத்தார், மானிட்டரில் தடம் விழுந்தது. "முதலாளின்னு போடு. நல்ல முதலாளின்னுகூடப் போட்டுக்க. அப்பன்னு போடாத."

"ஆர்டர் கொடுத்த பார்ட்டி எழுதிக் கொடுத்தது அய்யா, நான் மாத்த முடியாது" என்றேன்.

அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் அங்கிருந்து படையை விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்தது, 1971-க்குள் கிளம்பியும் விட்டது. குடியுரிமை இல்லாத கூலிக்காரர்களுக்கு பர்மிட் இருந்தால்தான் வேறு வேலை என்ற சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. இவருக்குப் பர்மிட் கிடைக்கவில்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கி, அப்புறம் தொண்டியில் கரைவலை இழுத்தே காலம் போனது.

லீ பக்கமும் நியாயம் இருக்கிறது, மனதுக்குள் பல தடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்ததைச் சொல்லும்போது டிவியிலேயே கண்கலங்கியவர் அவர், மூன்றே வருடத்தில் படைத்தளமும் போகிறது என்றால், நாட்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் அந்தத் தளங்களை நம்பி இருந்தது என்றால், சொந்த ஜனத்துக்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறவர் தொண்டிக்காரனுக்கு எங்கே போவார்? அந்தத் தளத்தையே கப்பல் பட்டறையாக்கினார்கள். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்தார்கள், அந்த ஊர்க் காசில் தமிழ் இருக்கிறது. என் மச்சினன் அதே செம்பவாங்கில்தான் வெல்டராக இருக்கிறான். கடைக் கம்ப்யூட்டர் அவன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. நான் வேறு என்ன சொல் போடுவேன்?

ஆனால் மச்சினனும் பர்மிட்தான். போய்ப் பல வருஷமாகியும் பர்மிட்தான். அந்த நாட்டுப் பெண்ணை அவன் கட்ட நினைத்தால் அதற்கும் அரசு அனுமதி வேண்டும். ஒருநாள் போனில், "மாப்ள, அவரு உங்களுக்குத் தந்தையா முதலாளியா?" என்று கேட்டேன். "ஓவர்டைம் இருக்கு மச்சான், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்ட்டி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. சிங்கப்பூர் போய்த் திரும்பிய நாலு பேர் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நல்லதா நாலு வரி போட்டுக்க தம்பி" என்றார்கள். தந்தை என் சொல். யோசித்துப் போட்டதுகூட இல்லை, இந்தத் தொழிலில் அது கை தானாக அடிக்கிற சொல். இந்த வட்டாரத்தில் நான் 'கல்வித் தந்தை' ஆக்காத ஆள் கொஞ்சம்தான்.

மாற்றியிருந்தால் அந்த நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் நான் பயந்தது அதற்கில்லையே. பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அந்த நிமிடமே பட்டது, பட்டதால்தான் பொய் சொன்னேன். லீயைப் பற்றிப் பின்னால் ஒன்று தெரிந்துகொண்டேன்: ஆக்ஸ்லி சாலையில் தான் குடியிருந்த வீட்டைத் தனக்குப் பிறகு இடித்துவிடச் சொன்னவராம். அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கள் ஃபிளெக்ஸே வேண்டியிருந்திருக்காது, முதலாளி என்ற சொல்லுக்குக் கோபப்பட்டும் இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் என் சௌகரியத்துக்கு நினைப்பதோ என்னவோ.

பெரியவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஜெராக்ஸுக்குச் சில்லறையை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் அய்யா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அந்த ஃபிளெக்ஸின் கோரல் டிரா டிசைன் ஃபைலைத் தேடி எடுத்தேன். முதலாளி என்று போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். படம் அப்படியே இருந்தது. பழைய ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, தந்தை இருந்த இடத்தில் என்னென்னவோ இங்கிலீஷ் எழுத்துகள் கிடந்தன.