வரப்பில் தடுமாறினால் கவனிக்க வேண்டும்

எங்க அப்பாவை ஊரில் பாதிப் பேர் குடிகாரர் என்றே நினைத்தார்கள். மனுஷன் சாராயத்தைக் கையால் தொட்டதில்லை. பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டுப் பிழைத்தவர். தார் ரோட்டில் நன்றாகத்தான் நடப்பார், வரப்பில் ஏறினால் கால் நழுவும். நடை தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தன.

ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா (சுருக்கமாக எஸ்சிஏ) என்ற பெயர் அவர் காலத்தில் எங்களுக்குத் தெரியாது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை மெல்ல மெல்லத் தேயும் பரம்பரை நோய். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. இப்போது அப்பாவோடு பிறந்த அத்தைக்கும் அதே நடை. எனக்கு நாற்பது நெருங்குகிறது. சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

தர்மபுரியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் பி12, தைராய்டு, வைட்டமின் ஈ மூன்றையும் பார்க்கச் சொன்னார். அவற்றில் கோளாறு இருந்தாலும் தள்ளாட்டம் வரலாம், அது சரிசெய்யக்கூடியது. எனக்கு எல்லாம் சரியாக இருக்கவே பெங்களூரு நிமான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஓசூர் ரோட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அங்கே போனதும் என் ரத்தத்தை எடுப்பார்கள் என்று நினைத்தேன். "நோய் இருக்கிறவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். இந்த நோயில் நாற்பதுக்கும் மேல் வகைகள். குடும்பத்தில் ஓடுவது எந்த வகை என்று தெரியாமல் எனக்கு 'இல்லை' என்று முடிவு வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. அத்தை லேசில் மசியவில்லை. "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே எனக்கு எதுக்குடா ஊசி?" "உங்களுக்கில்ல அத்தை, எங்களுக்கு" என்றதும் கையை நீட்டிவிட்டார்.

வந்தது முதல் வகை, எஸ்சிஏ 1. ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்று மரபணு எழுத்துகள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதுதான் காரணம், 1993-இல் கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணிக்கை கூடக் கூட நோய் சீக்கிரம் தலைகாட்டும். தகப்பன் வழியாக வந்தால் இன்னும் நீளும் வாய்ப்பு அதிகம். நம்முடையது அப்பா வழிதான், என்ன செய்ய.

மரபணு ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. "தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க? தெரியாமலே இருந்தா என்ன பண்ணுவீங்க?" பதில் வரவில்லை எனக்கு. என் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். எட்டாவது படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டதற்கு, அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் செய்வதில்லை என்றார்.

மரபணுவைப் பார்க்காமலே உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்பது அங்கேதான் தெரிந்தது. தள்ளாட்டத்தை அளக்க 'சாரா' என்று ஒரு அளவுகோல், எட்டுப் பகுதி, மொத்தம் 40 மதிப்பெண். பூஜ்யம்தான் நல்லது. நிற்பது, உட்காருவது, பேச்சு, மருத்துவரின் விரலைத் துரத்தித் தொடுவது, மூக்குக்கும் அவர் விரலுக்கும் மாறி மாறிப் போவது, தொடைமேல் கையைப் படபடவென்று புரட்டுவது, படுத்துக்கொண்டு ஒரு குதிகாலை மற்ற கால் முழங்காலில் வைத்துக் கணுக்கால்வரை வழுக்கிக்கொண்டு இறக்குவது. கை எல்லாம் சரியாக இருந்தது. குதிகாலை விரல்நுனியோடு ஒட்டிவைத்துப் பத்துக் காலடி நடக்கச் சொன்னபோது மட்டும் இரண்டு மூன்று முறை காலை வெளியே வைத்துவிட்டேன். அப்பாவின் வரப்பு நடையைச் சொன்னதும் மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "இது அதே பரிசோதனைதான்" என்றார்.

பரிசோதனைக்கு முன்பே "ஏதாவது தெரிஞ்சா சொல்லணுமா, வேணாமா?" என்று கேட்டிருந்தார். சொல்லச் சொன்னேன். மொத்தம் ஒன்று. மூன்றுக்குக் கீழே இருந்தால் அட்டாக்ஸியா, அதாவது தள்ளாட்டம், தொடங்கவில்லை என்றுதான் ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்களாம். பஸ் அலுப்பாகவும் இருக்கலாம். ஒருமுறை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்தடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த முதல் கணக்கு கையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். நோயை நிறுத்த மருந்து இல்லை. சமநிலைப் பயிற்சி உதவும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள்.

தம்பி வரமாட்டேன் என்கிறான், நானும் வற்புறுத்தவில்லை. போகிறவர்கள் மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். நோய் உள்ளவர் நடப்பதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடமும் அதே மருத்துவரிடம்தான் நேரம் கேட்டிருக்கிறேன். பார்ப்பவர் மாறினால் மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு மாறலாம்.