துலூமில் நூல் பிடித்த ஐந்து நாள்கள்

குகை டைவிங் கற்றுக்கொள்ள மெக்சிகோவின் துலூமுக்குப் போகும்போது என் கணக்கில் அறுபது சொச்சம் கடல் டைவ்கள் இருந்தன. தண்ணீர் நிறைந்த குகை மட்டும் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் நாள் மதியத்துக்குள் அந்த நினைப்பு போய்விட்டது, அதுவும் தண்ணீரில் கால் நனைக்காமலே.

போய்ச் சேர்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கான்கூனில் இறங்கி, 307ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 130 கி.மீ. பஸ்ஸில் போனேன்.

குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. இந்தப் பக்கம் தரை உள்வாங்கி, கிணறு மாதிரி தண்ணீர் தெரியும் பள்ளங்களைச் 'செனோட்டே' என்கிறார்கள். மாயன் மொழிச் சொல் ஸ்பானியர் வாயில் புகுந்து இப்படி ஆனது. அதன் வாய்ப்பகுதியில், வெளிச்சம் கண்ணில் படும் தூரம்வரை போவது கேவர்ன் டைவ். சாதாரண டைவிங் கார்டு இருந்தாலே போதும், வழிகாட்டி கூட்டிப்போவார். ஒரு வழிகாட்டியோடு நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது. வெளிச்சம் மறையும் இடத்துக்கு அப்பால் போவது கேவ் டைவ். அந்த எல்லையில், அங்கி போட்ட எலும்புக்கூடு படத்தோடு 'இதற்கு மேல் போகாதே' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்ட வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். விசாரித்த ஓர் இடத்தில், "கோர்ஸ் எதற்கு, கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப்போகிறோம்" என்றார்கள். அங்கே போகவில்லை. வேறொருவரிடம் கேவர்ன், அறிமுக நிலை கேவ் இரண்டும் சேர்த்து நான்கு நாள் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

குகைக்குள் வெளியே வரும் வழியைக் காட்டுவது கட்டிவைத்த நூல்தான். அதனால் முதல் பாடம் கொல்லைப்புறத்தில் நடந்தது. மரத்துக்கு மரம் நூல் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தபடி நடக்கச் சொன்னார். நூலை இறுகப் பிடித்து இழுக்கக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாக அதைச் சுற்றியிருந்தால் போதும். இரண்டு தடவை முடிச்சில் மாட்டினேன், ஒரு தடவை மரத்தில் முட்டினேன். போதாததற்குக் கொசு. செனோட்டேயில் இறங்கும் முன் குளிக்க வேண்டும், சன்ஸ்கிரீனோ கொசு மருந்தோ உடம்பில் இருக்கக் கூடாது என்பதால் எதையும் பூசவும் வழியில்லை.

தண்ணீருக்குள் முதலில் விழுந்த அடி என் காலுக்குத்தான். கடலில் அடிப்பதுபோல் மேலும் கீழுமாக அடித்தால் தரையிலிருக்கும் வண்டல் கிளம்பிவிடும்; பிறகு டார்ச் இருந்தும் புண்ணியமில்லை. முழங்காலை மடக்கி, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைக்க வேண்டும். அறுபது டைவில் ஊறிய பழக்கம் இரண்டு நாளில் போகுமா?

காற்றுக் கணக்கும் வேறு. முழுப் பயிற்சி முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போவார்கள், ஒரு பங்கு திரும்பி வர, மீதி ஆபத்துக்கு. இரட்டை டேங்க் கட்டிய எங்களுக்கு அதிலும் பாதி, ஆறில் ஒன்றுதான். டேங்கில் காற்றழுத்தம் 200 பார் இருந்தால், அதில் 30 பார் குறைந்ததும் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். அதைக் காட்டினால் டைவ் முடிந்தது என்று பொருள். யார் காட்டினாலும் ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது.

மூன்றாம் நாள் தோற்றேன். விளக்கை அணைத்து, கூட வந்தவரின் நீண்ட குழாயிலிருந்து மூச்சு வாங்கியபடி, நூலைத் தடவி வெளியே வர வேண்டும். ஒரு முடிச்சில் நூல் பாறைக்குப் பின்னால் திரும்பியது. கையை மாற்றும்போது விட்டுவிட்டேன். கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். பயிற்சியாளர் ஒரு கை தூரத்தில்தான் இருந்தார், தெரியும். தெரிந்தும் மூச்சு ஏறியது. மேலே வந்ததும் அவர் திட்டவில்லை. "நாளைக்குக் காலையில் இதையே செய்வோம்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம். அன்று மாலை சர்க்கரை போட்ட புளித்தண்ணீர் ஒன்று வாங்கிக் குடித்தேன். அங்கே அது தெருவோரத்துச் சரக்கு, கிட்டத்தட்ட நம் பானகம். கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் காலை நூல் கையைவிட்டுப் போகவில்லை. அப்புறம்தான் பலகையைத் தாண்டினோம். இடம் தோஸ் ஓஹோஸ் என்ற குகை. 2018இல் இது சாக் ஆக்துன் குகையோடு இணைந்திருப்பதைக் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கி.மீ. ஆனது. நான் பார்த்தது நூற்றைம்பது மீட்டர் இருந்தால் அதிகம். கூரையிலிருந்து ஆலம்விழுதுபோல் சுண்ணாம்பு விழுதுகள். தண்ணீருக்குள் இவை உருவாகாது. காற்றில் சொட்டுச் சொட்டாக வடிந்தால்தான் வளரும். பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இது காய்ந்த குகை. கடல் ஏறியதும் மூழ்கிவிட்டது. இந்தப் பகுதிக் குகைகளில் நன்னீருக்கு அடியில் கடல்நீர் புகுந்து கிடக்கிறது. இரண்டும் கலக்கும் இடத்தை முந்தைய டைவ் ஒன்றில் கடந்தபோது, வெயிலில் தார்ச் சாலைமேல் காற்று நெளிவதுபோல் எல்லாம் நெளிந்தது. கண்ணாடிதான் கெட்டுவிட்டதோ என்று துடைத்துப் பார்த்தேன்.

அடுத்தடுத்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அதனால் ஐந்தாம் நாள் துலூமின் மாயன் இடிபாடுகளுக்குப் போனேன். துலூம் கோட்டை 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுகம். மூன்று பக்கம் மதில், நான்காம் பக்கம் பாறை விளிம்பும் கடலும். வாசல்களுக்கு மேலே, கால் மேலாகத் தலைகீழாக இறங்கும் ஒரு கடவுளைச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் கடல் தெரியும் பக்கம் படம் எடுக்கப் போய்விட்டார்கள். நான் செனோட்டே வீடு என்று அழைக்கப்படும் சிறிய கட்டடத்தின் முன் நின்றேன். அடியில் தண்ணீர் உள்ள குகைமேல் கட்டியது அது. கிட்டே போகவிடாமல் கயிறு கட்டியிருந்தது. முதல் முடிச்சு எந்தப் பாறையில், இரண்டாவது எங்கே என்று கண் தன்பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது.