பந்தலில் நின்றுபோன பாட்டு

தைப்பூசத்தன்று பகல் ஒரு மணிக்குக் கைபேசி அடித்தது. "அக்கா, மெஷின் நின்னுடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பத்து நிமிஷம் ஓடுது, மறுபடியும் நின்னுடுது." பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரம் ஒரு தண்ணீர்ப் பந்தலிலிருந்து பேசினான். பாட்டுக் குழுவில் சேம்ப்ளர் வாசிக்கிற தம்பி. கணினி எதுவும் இல்லாமல் தானே இயங்கும் பெட்டி அது. தாளம், பின்னணி, மணியோசை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவன் குரலுக்குப் பின்னால் உறுமி மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. காவடி நகர்ந்து வரும் நேரத்தில் பாட்டு நின்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் இசைக் கருவிகள் பழுதுபார்க்கும் என் கடைக்குக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். புராசசர் மேல் இருந்த தெர்மல் பேஸ்ட், அதாவது சூட்டை வெளியே கடத்தும் பசை, காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது பேஸ்ட் தடவினேன். நான்கு மணி நேரம் ஓட விட்டேன், ஒரு குறையும் இல்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து வேறொரு கோயில் திருவிழாவில் அதே மாதிரி நின்றது.

என் பழைய வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் 1972-ல் தொழிற்பேட்டை வந்தபிறகு எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவராவது அங்கே வேலைக்குப் போகாத வீடு குறைவு. நான் 11 வருடம் அங்கே பர்ன்-இன் பிரிவில் இருந்தேன். சிப்புகளைப் பலகையில் செருகி, மின்சாரமும் கொடுத்து, 125 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைப்போம். பலவீனமானவை அங்கேயே செத்துவிடும், தாங்கியவைதான் வெளியே போகும். அங்கே சூடு எங்கள் கையில் இருந்த கருவி. அடுப்பின் கதவுக்கு வெளியே 22 டிகிரி ஏர்கோன், உள்ளே 125, இரண்டும் எண்ணாகத் திரையில் தெரியும். அதனால் சூடு என்றாலே பெட்டிக்குள் பிறப்பது, பெட்டிக்குள்ளேயே சரிசெய்ய வேண்டியது என்ற நினைப்பு எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அப்புறம், இசைக் கருவி சூடாவதும் மற்றக் கணினி சூடாவதும் ஒன்றல்ல. இப்போது வருகிற தனிப்பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பது கைபேசியில் இருப்பது போன்ற ஏஆர்எம் புராசசர்தான். 2020-ல் வந்த கோர்க் வேவ்ஸ்டேட் சிந்தசைசருக்குள், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையின் கம்ப்யூட் மாட்யூல் வகையே இருக்கிறது. இவ்வகைச் சிப்புகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரிந்தவை. ராஸ்பெர்ரி பை 4 பலகை 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-ல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அலுவலகக் கணினி அப்படி மெதுவானால் பக்கம் திறக்க ஒரு விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். பாட்டு காத்திருக்காது. ஒலியைத் துண்டு துண்டாக அளந்த எண்கள், அதாவது மாதிரிகள், விநாடிக்கு 48,000 ஒலிபெருக்கிக்குப் போயாக வேண்டும். 128 மாதிரிகளாகக் கட்டி அனுப்புகிற கருவிக்கு ஒவ்வொரு கட்டையும் தயார் செய்ய 2.7 மில்லி விநாடிதான் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் 'டக்' என்று ஒரு வெடிப்பு, பிறகு கரகரப்பு, கடைசியில் மௌனம். சிப் கெட்டுப்போகவில்லை. அதற்கு நேரம் போதவில்லை. வாசிப்பவர்கள் இதைத்தான் "மெஷின் தடுமாறுது" என்பார்கள். அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது முறை நான் கருவியைக் கேட்கவில்லை. "தம்பி, அடுத்த நிகழ்ச்சி எங்கே? நானே வர்றேன்" என்றேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயில். காலையில் பசியாறிவிட்டு மல்டிமீட்டர், வெப்பமானி, கறுப்பு டேப் எல்லாம் எடுத்துக்கொண்டு பெர்ரி ஏறினேன்.

போய்ப் பார்த்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. மேசையில் சிவப்பு வெல்வெட் துணி. அதன் மேல் கறுப்புப் பெட்டி. பெட்டிக்கு அடியில்தான் காற்றுத் துளைகள். ரப்பர் கால்கள் துணிக்குள் புதைந்து துளைகள் அத்தனையும் அடைபட்டிருந்தன. இடது பக்கம் ஆம்ப்ளிஃபையர், அதன் விசிறி சுடுகாற்றை நேராக இந்தப் பெட்டி மேல் ஊதிக்கொண்டிருந்தது. பந்தல் துணி மேசையின் பாதி வரைதான். பகல் ஏற ஏற வெயில் மெல்ல நகர்ந்து பெட்டி மேல் விழுந்தது. நம் ஊரில் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் ஒன்றேகால், ஒன்றரை மணிவாக்கில்தான். தைப்பூசத்தன்று எனக்கு அழைப்பு வந்த நேரம் நினைவுக்கு வந்தது.

நிகழ்ச்சி இடைவேளையில் பெட்டியை முழுதாக அணைக்கச் சொன்னேன். அடாப்டரையும் பிடுங்கி, வெயிலிலேயே அரை மணி நேரம் வைத்தோம். மூடியில் வெப்பமானி காட்டியது 58 டிகிரி. மின்சாரமே இல்லாத பெட்டி! தம்பி கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

கணக்கு மிக எளிது. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் இறக்குகிறது. அந்தப் பெட்டியின் மேல்பரப்பு 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், அதாவது சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கறுப்பு நிறம் விழுவதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆக வெயில் மட்டும் 100 வாட்டுக்குக் கிட்ட ஊட்டுகிறது. கருவி தானாக இழுப்பதோ, நான் அளந்தபோது 15 வாட். பெட்டிக்குள் பிறக்கிற சூட்டைப் போல ஆறு மடங்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருக்க, நான் கடையில் உட்கார்ந்து பேஸ்ட் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செய்தது இவ்வளவுதான். வெல்வெட்டை எடுத்துவிட்டு இரண்டு மரச்சட்டங்கள் வைத்துப் பெட்டியை இரண்டு விரல்கடை உயர்த்தினோம். ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி வைத்தோம். கூடாரம் போட்டிருந்த கடைக்காரர் ஒருவரிடம் பெரிய வெள்ளைக் குடை வாங்கிக் கட்டினோம். மாலை வரை ஓடியது. பற்றவைப்புக் கோலை (சால்டரிங் அயர்ன்) நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும் "எங்கே வைத்து வாசிக்கிறீர்கள்" என்பதுதான் என் முதல் கேள்வி. எத்தனை விஷயம் அதில் வெளிவருகிறது!

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஜப்பான் கீபோர்டுகள் நிறைய வரும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே அதை, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் 110 வோல்ட் ஸ்டெப்டவுன் பெட்டியில் செருகிவிடுகிறார்கள். பத்து வோல்ட்தானே என்ற எண்ணம். உள்ளே மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர் ஒன்று 9 வோல்ட்டை 5 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 4 வோல்ட் அப்படியே சூடாகிறது. அரை ஆம்பியர் ஓடினால் 2 வாட். வெளியே பத்து சதவீதம் ஏறினால் உள்ளே 9 என்பது 9.9 ஆகும், மிச்சம் 4.9 ஆகும். பத்து சதவீத மின்னழுத்தம் 22 சதவீதச் சூடாகிவிட்டது. அந்தச் சின்ன ரெகுலேட்டர் ஹீட் சிங்க் என்ற சூடு கடத்தும் உலோகத் துண்டு இல்லாமல் நின்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் சுற்றுக் காற்றைவிட 65 டிகிரி ஏறும். 2 வாட் என்றாலே 130. ஹீட் சிங்கின் திருகு தளர்ந்திருந்தால் போதும், கதை முடிந்தது. பக்கத்தில் நிற்கிற கெப்பாசிட்டர்களையும் அது வேகவைக்கும். 10 டிகிரி ஏறினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்குவது 65-ல் 32,000 மணி நேரம் தாங்கும். 75-ல் 16,000 தான். தினம் எட்டு மணி நேரம் வாசிப்பவருக்கு அது பதினொரு வருடத்துக்கும் ஐந்தரை வருடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய அனலாக் சிந்தசைசர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் உண்டு. கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதல் வேலையாக அதை ஆன் செய்துவிட்டுத்தான் தேநீருக்குப் போவார். முன்பெல்லாம் அது அவருடைய பழக்கம் என்று நினைத்தேன். அந்த வகைக் கருவியில் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அந்தக் கணக்கைப் போடுவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டரின் குணம் வெப்பத்தோடு சேர்ந்தே நகரும், டிகிரிக்கு 0.33 சதவீதம். சுருதியை அளக்கும் சென்ட் என்ற அலகில் ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்றால் டிகிரிக்கு 4 சென்ட். 10 டிகிரி மாறினால் 40 சென்ட், அரைச்சுரத்தில் ஏறக்குறைய பாதி. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒலித்தால் காது கூசும். அதைச் சரிக்கட்ட டிகிரிக்கு அதே அளவு மாறுகிற தனி ரெசிஸ்டர் ஒன்றை டிரான்சிஸ்டரோடு ஒட்டி வைப்பார்கள். அவருடைய கருவியில் அது விலகி நின்றது. பிசின் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். இப்போதும் முன்கூட்டியே ஆன் செய்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போகிறார். அது சரிதான், சூடு நிலைக்கு வந்த பிறகுதான் சுருதியும் நிலைக்கும்.

ஏர்கோன் மண்டபத்திலிருந்து வெளியே எடுப்பதிலும் கவனம் வேண்டும். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் பூக்கும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விடச் சொல்வேன்.

"விசிறி ஒன்னு வெச்சுடுங்க அக்கா" என்று பலர் கேட்கிறார்கள். கோயிலில் வாசிக்கும் கருவிக்கு விசிறி வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒருமுறை விசிறி வைத்த பெட்டி ஒன்றைத் திறந்தேன். இறக்கைகளில் கற்பூரக் கரி மை மாதிரி படிந்திருந்தது, அதன் மேல் விபூதி, மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. விசிறி சுற்றத்தான் சுற்றியது, காற்றுதான் போகவில்லை.

அதனால்தான் போன வருடம் ஒரு பஜனைக் குழுவுக்குச் சுருதியும் தாளமும் போடும் பெட்டி செய்து தரச் சொன்னபோது விசிறி இல்லாமல் செய்வது என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை, சின்னக் கூடம், பத்துப் பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். தம்பூரா ஒலிக்கு நடுவே விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது. அலுமினியப் பெட்டியே ஹீட் சிங்க். புராசசர் சூடு, தெர்மல் பேட் என்ற சூடு கடத்தும் மெத்தை வழியாக நேரே மூடிக்குப் போக வேண்டும்.

முதல் பெட்டி இருபதாவது நிமிடத்தில் கரகரத்தது. வெப்பமானித் துப்பாக்கியை மூடிக்குக் காட்டினேன், 34 டிகிரி. விரலை வைத்தால் வைத்திருக்க முடியவில்லை! பளபளப்பான அலுமினியம் தன் சூட்டை அந்தக் கருவிக்குக் காட்டாது. எதிரில் இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் மறுபடி காட்டினேன், 63. புராசசருக்கு நேர் மேலே மட்டும் அப்படி, ஓரங்களில் குளிர்ச்சி. மூடியைக் கழற்றி பேடைப் பார்த்தேன். சிப்பின் சதுரம் அதில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் நகத்தால் கீறியதுபோல் பதிந்திருந்தது. இடைவெளி ஒன்றரை மில்லி மீட்டர், நான் வைத்த பேட் ஒன்று. அரை மில்லி மீட்டர் காற்று நடுவில் நின்று வழியை மறித்திருக்கிறது. தடித்த பேட் மாற்றி, மூடியின் உட்புறம் ஒரு அலுமினியத் தகடும் சேர்த்ததும் சூடு மூடி முழுக்கப் பரவியது. 31 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் கழித்துச் சிப் 62, மூடி எங்கும் 50 பக்கம். மனம் குளிர்ந்து போய்க் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அழைத்தார்கள், சத்தம் உடைகிறதாம். போனேன். பெட்டி சாமி படத்துக்கு அருகே இருந்தது. அதன் மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி நாலு பக்கமும் தொங்க, துணி மேல் விபூதித் தட்டு. குழுவில் மூத்த அம்மா தன் கையால் தைத்தது. "தூசி படக் கூடாதும்மா, ஆசையா செஞ்சு குடுத்திருக்கே" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூடத்தில் தம்பூராவுக்கும் துணி உண்டு, ஆர்மோனியத்துக்கும் துணி உண்டு. சாமி முன்னால் இருக்கிற பொருளை மூடி வைப்பதுதான் அங்கே மரியாதை. செய்வதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமையாவது போய் உட்கார்ந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கும்.

துணியை எடுக்கச் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியை மரமாக்கினேன். அலுமினியத் தகட்டை வளைத்துப் பின்சுவருக்குக் கொண்டுபோய், அங்கே செங்குத்தான மடிப்புகள் வைத்து, காற்று கீழே நுழைந்து மேலே ஏறிப் போக இடம் விட்டேன். பின்பக்கம் மட்டும் துணியை நாலு விரல் அளவு மடித்துத் தைத்துத் தரும்படி அந்த அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கே தைத்துக் கொடுத்தார். தட்டு பழைய இடத்திலேயே இருக்கிறது.