வீணையை வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு

தஞ்சாவூர் வீணையைப் பார்சலில் அனுப்ப இருப்பவர்கள் பெரும்பாலும் குடம் உடைந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். பலா மரத்தில் குடைந்த அந்தக் குடத்தைவிட எனக்குக் கவலை தருவது மேளம் கட்டிய மெழுகுதான், அதாவது தந்திகளுக்கு அடியில் குறுக்கே நிற்கும் உலோக மெட்டுகளைச் சுரத்துக்கேற்பப் பதித்த மெழுகு. 24 மெட்டுகளும் அந்த மெழுகின் மேல்தான் பதிந்து நிற்கின்றன என்பதால், சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் பெட்டி கிடந்தால் மெழுகு இளகி, மெட்டுகள் இடம் பெயர்ந்து, சுரம் சேராமல் போய்விடும். பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது, அதுவும் வெளிநாட்டில், எளிதான காரியமன்று. ஆகவே, முடிந்தவரை கோடையைத் தவிர்த்து அனுப்புங்கள்.

7 தந்திகளையும் ஓரளவு தளர்த்தி, தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள். நீண்ட கழுத்துப் பகுதியான தண்டியின் அடியில் பொருத்திய சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். ஒரே மரத்தில் குடையாமல், பாகங்களைத் தனித்தனியே செய்து ஒட்டிய ஒட்டு வீணையாக இருந்தால், குடமும் தண்டியும் சேரும் இடத்தை அடியிலிருந்து நுரைப்பஞ்சு இடைவெளியின்றித் தாங்க வேண்டும். பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்க்கும்போது உள்ளே சிறு அசைவு தெரிந்தாலும் பொதிந்தது போதாது என்று பொருள். யாளி முகமும், தந்திகளை முறுக்கும் பிரடைகளும் பெட்டிச் சுவரைத் தொடவே கூடாது. ‘உடையும் பொருள், கவனம்’ என்ற ஒட்டுச்சீட்டை நான் நம்புவதில்லை (ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அதைப் படிக்க நேரம் ஏது?), கனமான பிளைவுட் பெட்டியை நம்புகிறேன். பெறுபவரிடம், வந்தவுடன் தந்திகளை முறுக்காமல், வீணை அந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய பின் சிறிது சிறிதாகச் சுருதி ஏற்றும்படி சொல்லிவிடுங்கள்.