ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது?

டாஸ்மாக்குக்கு வழி கேட்டால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் அமைப்பு) மீட்டிங்குக்கு அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓர் அறை, அவ்வளவுதான். எனக்கு இடத்தைச் சொன்னது போதை மறுவாழ்வு வார்டில் இருந்த நர்சம்மா. இணையத்திலும் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. பழைய முகவரியாக இருக்கலாம், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். ‘ஓபன்’ மீட்டிங் என்றால் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப்போகலாம். ‘க்ளோஸ்டு’ என்றால் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபிளாஸ்கில் டீ. ஒருவர் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். லாரி டிரைவர், பேங்க் மேனேஜர், எல்லாரும் ஒரே வரிசை. குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரையும் கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான். மாமா, சித்தப்பா என்று வீட்டில் கேட்காத அறிவுரையா? 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் தொடங்கியது இது. கட்டணம் இல்லை. ஒரு பை சுற்றி வரும், இருந்தால் பத்தோ இருபதோ போடலாம். வெளியாள் நன்கொடையை வாங்குவதில்லை.

மீட்டிங்கில் கடவுள் பெயர் வருகிறதே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தல். எங்களுடையது கருப்புச் சட்டைக் குடும்பம். ‘கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்டபடி’ என்றார் என் ஸ்பான்சர் அண்ணன், அதாவது எனக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர். சரி, பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், அப்புறம் மீட்டிங்.

குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் இருக்கிறது. என் மனைவி போகிறாள். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை.