கேஸ் ஷீட்டில் இருக்கும் வயது

"72 வயதாகிறது, தாங்குவாரா டாக்டர்?" பைபாஸ் அறுவைக்கு முந்தின நாள் மாலை வார்டுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். 45 வயதுக்காரரின் மனைவி இப்படிக் கேட்பதில்லை. "சின்ன வயதுதானே, சீக்கிரம் தேறிவிடுவார்" என்று எனக்கே தைரியம் சொல்வார். மயக்க மருத்துவரான எனக்குப் பல நேரம் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முதுமையில் நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தக் கழிவான கிரியாட்டினின் 1.2 என்று ரிப்போர்ட் வருகிறது. இயல்பு என்று அச்சிட்டிருக்கிறது. 50 கிலோ எடையுள்ள 72 வயதுப் பெரியவருக்கு வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்கு 39 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் வடிகட்டுகிறது. 70 கிலோ எடையுள்ள 45 வயதுக்காரருக்கு அதே 1.2 என்றால் 77. மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்காக வாங்கி விழுங்கிய மாத்திரைகளைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள். அறுவைக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், இரவில் இடம் தெரியாமல் குழம்புவதும் வயதானவர்களுக்கே அதிகம். அந்தக் குழப்பம் குறைய, கண்ணாடியையும் காது கருவியையும் ஐசியூவுக்குக் கொடுத்தனுப்புங்கள் என்று வீட்டாரிடம் தவறாமல் சொல்கிறேன்.

ஆனாலும் முதியவர் விஷயத்தில் எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம். இளையவர் விஷயத்தில் அந்த விழிப்பு போதவில்லை என்பது என் எண்ணம். ஆபத்தைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் யூரோஸ்கோர் 2-இல் 60 வயது வரை எல்லோருக்கும் ஒரே மதிப்பு. அதன்பின் ஆண்டுக்கு ஒன்று கூடும். சர்க்கரை நோயோ, இன்சுலின் போட்டுக்கொண்டால் மட்டுமே கணக்கில் சேரும். 30 வயதில் சர்க்கரை வந்து, 15 ஆண்டுகளாக மாத்திரையிலேயே ஓட்டிய நம் ஊர்க்காரருக்கு அதில் ஒரு புள்ளிகூட ஏறாது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது தெரிந்த பிறகும் இந்த எண்ணை மட்டும் நம்புவது எனக்கு ஒப்பவில்லை.

அப்படிப்பட்டவரைப் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பேன். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கி, நாடித்துடிப்பு மட்டும் கூடாமல் அப்படியே இருந்தால், தானாக இயங்கும் நரம்புகளைச் சர்க்கரை தின்றிருக்கலாம் என்று சந்தேகிப்பேன். மயக்க மருந்து ஏறும்போது அழுத்தம் சடாரென்று சரியும். அதை ஈடுகட்ட அந்த உடலால் முடியாது. மருந்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அழுத்தத்தை ஏற்றும் மருந்து சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். இத்தகையவர்களின் இதயக் குழாய்கள் கடைசிவரை மெலிந்து, பைபாஸ் குழாயை இணைக்க நல்ல இடம் கிடைக்காமல் அறுவை நிபுணர் தேடுவதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முன்சோதனைத் தாளில் 'சர்க்கரை நோய்: உண்டு, இல்லை' என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக என்று எழுதவும், நின்றபின் பார்த்த ரத்த அழுத்தத்தைக் குறிக்கவும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லித் துறைக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன்.